பழைய மோட்டார் சைக்கிள்களின் அசல் முன் ஃபோர்க் பாகங்கள்: அடையாளம் காணலும் சீரமைத்தலும்

ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் காலப்போக்கில் அதிகம் மாற்றப்பட்டிருக்கக்கூடிய பகுதி, முன் சக்கரத்தைத் தாங்கும் முன் ஃபோர்க்தான். வண்டி எதன்மீது மோதினாலும் முதல் அடி அதன்மீது விழுகிறது. ஆயில் சீல் ஒழுகுகிறது, பைப் துருப்பிடிக்கிறது, பைப் சறுக்கும் உள்வளையமான புஷ் தேய்கிறது. அந்தந்தக் காலத்தில் வண்டியை வைத்திருந்தவர்கள் கைக்குக் கிடைத்த பாகத்தைப் பொருத்தி ஓட்டியிருப்பார்கள். அதனால்தான் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் சரியாகப் பொருந்தும் வண்டியில்கூட, இரு பைப்புகளையும் பிடித்திருக்கும் யோக்குகளில் மேல் யோக் ஓர் ஆண்டைச் சேர்ந்ததாகவும், கீழ் யோக் வேறொரு மாடலைச் சேர்ந்ததாகவும், பைப்பின்மீது சறுக்கும் அடிக்கால்களான இரண்டு பாட்டம் கேஸ்களும் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவையாகவும் இருப்பதைக் காண முடிகிறது. இத்தகைய ஃபோர்க்கைச் சீரமைக்க முனைபவர் முதலில் செய்ய வேண்டியது பிரிப்பதும் அல்ல, கழுவுவதும் அல்ல. பார்ப்பதும் பதிவு செய்வதும்தான். எந்தப் பாகம் தொழிற்சாலையிலிருந்து வந்தது, எது பிற்பாடு சேர்ந்தது என்பதற்கான சான்றுகள் அழுக்குக்கும் பழைய பெயின்ட்டுக்கும் அடியில்தான் இருக்கின்றன. மணல்வீச்சும் பஃபிங் சக்கரமும் அவற்றை ஒருமுறை அழித்துவிட்டால் பிறகு எவராலும் மீட்க முடியாது.

ஆகவே வண்டியிலிருந்து ஃபோர்க்கைக் கழற்றும் முன்பே நாலா பக்கமும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கழற்றும்போது வலது, இடது என்று ஒவ்வொரு பாகத்திலும் சீட்டுக் கட்ட வேண்டும். ஹெட்லைட்டைத் தாங்கும் காதுகளின் உட்புறம், யோக்கின் இறுக்குப் பிளவுக்குள் உள்ள பகுதி, ஃபோர்க் கவர்களின் மேல் விளிம்பு, ஸ்டியரிங் தண்டின் அடிப்புறம் ஆகிய இடங்களில்தான் முதல் பெயின்ட் பிழைத்திருக்கும். அங்கே நுண்ணிய உப்புத்தாளை நீரில் நனைத்து ஒரு நாணய அளவு இடத்தில் மட்டும் மெதுவாகத் தேய்த்தால் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெயின்ட் அடுக்குகள் வளையங்களாகத் தெரியவரும். சேஸிஸின் கழுத்துப் பகுதியிலும் அதே அடுக்குகள் அதே வரிசையில் இருந்தால், அந்த யோக் வெகுகாலமாக அந்த வண்டியிலேயே இருந்திருக்கிறது என்று நம்பலாம். ஓர் அடுக்கு கூடவோ குறையவோ இருந்தால் ஐயம் கொள்ள வேண்டும்.

எந்த வகை ஃபோர்க் என்று அறிதல்

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பெரும்பாலான வண்டிகளில் கர்டர் ஃபோர்க் இருந்தது. இரண்டு உறுதியான கால்கள், அவற்றைச் சேஸிஸின் கழுத்தோடு இணைக்கும் மேல், கீழ் லிங்க்குகள், நடுவே ஒரு பெரிய ஸ்பிரிங், பக்கவாட்டில் அதிர்வை அடக்கும் உராய்வு டேம்பர் ஆகியவை சேர்ந்ததே அது. குழாய்க்குள் குழாய் சறுக்கி, எண்ணெயால் அதிர்வடக்கும் டெலிஸ்கோபிக் ஃபோர்க்கைத் தொடர் உற்பத்தி வண்டியில் கொண்டுவந்தது பிஎம்டபிள்யூ; 1935-இல் ஆர்12, ஆர்17 மாடல்களில் அது வந்தது. 1941-இல் மேட்ச்லெஸ் ஜி3எல் ராணுவ வண்டி டெலிட்ராலிக் என்ற டெலிஸ்கோபிக் ஃபோர்க்கோடு வெளிவந்தது. போர் முடிந்ததும் ட்ரையம்ஃப், பிஎஸ்ஏ, நார்ட்டன் ஆகிய நிறுவனங்களும் இந்த வகைக்கு மாறின. ஹார்லி டேவிட்சன் தன் பெரிய இரட்டை சிலிண்டர் வண்டிகளில் 1948 வரை, ஸ்பிரிங்குகள் வெளியே தெரியும் ஸ்பிரிங்கர் ஃபோர்க்கை வைத்திருந்து, 1949-இல் ஹைட்ரா கிளைடின் வழியே டெலிஸ்கோபிக் வகைக்கு வந்தது. எல்லோரும் ஒரே பாதையில் போகவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வின்சென்ட் 1948-இல் சீரிஸ் சி வண்டிகளுக்கு அலாய் கால்களும் ஹைட்ராலிக் டேம்பரும் கொண்ட கர்ட்ராலிக் ஃபோர்க்கை உருவாக்கியது. பிஎம்டபிள்யூவோ 1955 முதல் 1969 வரை, கீழே ஆடும் கைகளில் சக்கரத்தைத் தாங்கும் ஏர்ல்ஸ் ஃபோர்க்கைப் பயன்படுத்தியது.

இந்த வரலாறு வெறும் தகவலுக்காக அன்று. 1940-களின் இறுதியில் வந்த சில வெலோசெட் வண்டிகளில் டௌட்டி நிறுவனத்தின் காற்றழுத்த ஃபோர்க் பொருத்தப்பட்டது. அதன் உள்ளே ஸ்பிரிங் கிடையாது, காற்றே சுமையைத் தாங்குகிறது. இதை அறியாமல் திறப்பவர், முன்பிருந்தவர் ஸ்பிரிங்கைத் தொலைத்துவிட்டார் என்று எண்ணிப் பொருந்தாத ஒன்றைத் திணித்துவிடக்கூடும். அதேபோல 1971-இல் ட்ரையம்ஃபும் பிஎஸ்ஏவும் வெளியே தெரியும் குரோம் பைப்பும் அலாய் பாட்டம் கேஸும் கொண்ட புதிய ஃபோர்க்குக்கு மாறின. அதில் பைப் நேரடியாக அலாயின்மீதே சறுக்குகிறது, தனிப் புஷ் கிடையாது. முந்தைய வகையின் பாகப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இதில் புஷ்ஷைத் தேடுவது வீண் வேலை. எனவே வண்டியின் ஆண்டையும் மாடலையும் உறுதிசெய்துகொண்டு, அந்த ஆண்டுக்கே உரிய பாகப் பட்டியலையும் பட்டறைக் கையேட்டையும் எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் அளவெடுக்கத் தொடங்க வேண்டும். அடுத்த ஆண்டின் பட்டியல் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத அந்தச் சில இடங்களில்தான் தவறு நேர்கிறது.

அளவும் மரையும் சொல்வது

ஒரு ஃபோர்க்கை அடையாளம் காண ஆறு அளவுகள் தேவை: பைப்பின் விட்டம், பைப்பின் முழு நீளம், பைப்பின் மேல்முனை கூம்பாகச் சரிகிறதா நேராக இருக்கிறதா என்பது, இரு பைப்புகளின் மையங்களுக்கு இடையேயான தூரம், ஸ்டியரிங் தண்டின் நீளமும் விட்டமும், ஆக்ஸிலின் விட்டம். விட்டத்தை வெர்னியரால் பார்த்தால் போதாது, மைக்ரோமீட்டரே வேண்டும். தேய்மானமில்லாத இடமாகப் பார்த்து, அதாவது கீழ் யோக் பிடித்திருந்த பகுதியில், அளவெடுக்க வேண்டும். ஹோண்டா சிபி750-இன் தொடக்கக்கால மாடல்களில் பைப் 35 மில்லிமீட்டர். 1969-இல் அறிமுகமான பிஎம்டபிள்யூ ஸ்லாஷ் 5 வரிசையில் 36 மில்லிமீட்டர். இப்படி ஒரு மில்லிமீட்டர் வேறுபாடே ஒரு நிறுவனத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டிவிடும். பழைய பிரிட்டிஷ் பைப்புகளின் விட்டத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை அளந்தால்தான் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய முடியும்.

நீளத்தில் ஏமாறுவது எளிது. நார்ட்டனின் ரோட்ஹோல்டர் ஃபோர்க்கில் நீண்ட வகை, குறுகிய வகை என இரண்டு உண்டு. ஃபெதர்பெட் சேஸிஸுக்கு உரியது குறுகிய வகை. பெயர் ஒன்றே என்பதால் ஒன்றின் பைப்பை மற்றொன்றில் பொருத்திவிட்டால், வண்டியின் முன்பக்கம் உயர்ந்து ஸ்டியரிங்கின் சாய்கோணமே மாறிவிடும். யோக்குகளிலும் இதே ஆபத்து இருக்கிறது. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு யோக்குகளில் ஸ்டியரிங் தண்டுக்கும் பைப்புகளுக்கும் இடையேயான தள்ளல் வேறாக இருக்கலாம். சைடு கார் இணைப்பதற்கென்றே தனி யோக்குகளைச் சில நிறுவனங்கள் செய்தன. அத்தகைய யோக்கைத் தனி வண்டியில் பொருத்தினால் கைப்பிடி நிலையின்றி ஆடத் தொடங்கும். நார்ட்டன் 850 கமாண்டோவின் மேல் யோக்கில் 'ஏஎன்ஜி' என்ற எழுத்துகள் அடிக்கப்பட்டிருக்கும். யோக்கின் கோணம் மாறியதைக் குறிக்கும் அடையாளம் அது. ஆகவே 750-இன் கீழ் யோக்கோடு அதை இணைக்கக் கூடாது. யோக்குகளை எப்போதும் இணையாகவே வாங்க வேண்டும், இணையாகவே சோதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மரை தரும் சான்று இன்னும் நுட்பமானது. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் சைக்கிள் மரை எனப்படும் சிஇஐ மரை பரவலாக இருந்தது. கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரையான போல்ட்டுகளில் அது அங்குலத்துக்கு 26 மரை கொண்டது, அதன் கோணம் 60 பாகை. பிஎஸ்எஃப், விட்வொர்த் என்ற வேறு பிரிட்டிஷ் மரைகளின் கோணம் 55 பாகை. 1960-களின் பிற்பகுதியில் பிஎஸ்ஏவும் ட்ரையம்ஃபும் படிப்படியாக யுஎன்எஃப் என்ற வேறொரு மரைத் தரத்துக்கு மாறின. இதன் கோணமும் 60 பாகைதான், ஆனால் 3/8 அங்குலப் போல்ட்டில் அங்குலத்துக்கு 24 மரை. இந்த 26-க்கும் 24-க்கும் இடையேயான வேறுபாடுதான் பல அசல் பாகங்களைப் பாழாக்கியிருக்கிறது. கோணம் ஒன்றே என்பதால் தவறான போல்ட்டு முதல் சில சுற்றுகள் தடையின்றி ஏறும், பிறகு இறுகும். அதை ஸ்பேனரால் பலவந்தமாக முறுக்கினால் பாட்டம் கேஸின் மரை உரிந்துவிடும். மரைக் கேஜ் இல்லாமல் ஃபோர்க் வேலையில் இறங்கக் கூடாது. ஒரு பாகத்தின் மரை அந்த ஆண்டுக்கு உரியதாக இல்லாவிட்டால், ஒன்று அந்தப் பாகம் வேறு ஆண்டினது, அல்லது யாரோ அதில் புதிதாக மரை வெட்டியிருக்கிறார்கள். மரையின் உட்புறம் பளபளப்பாகவும் விளிம்பில் கிழிந்த உலோகத்தோடும் இருந்தால் இரண்டாவதே நடந்திருக்கும்.

எண்ணும் வார்ப்பும் பூச்சும்

பாக எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்வது பெரிய உதவி. ட்ரையம்ஃபின் பழைய முறையில் ஃபோர்க் பாகங்களின் எண்கள் 'ஹெச்' என்ற எழுத்தில் தொடங்கின. பின்னாளில் அந்த எழுத்தின் இடத்தில் 97 என்ற முன்னெண் வந்தது. ஹோண்டாவின் எண்ணில் முதல் ஐந்து இலக்கம் அந்தப் பாகத்தின் வேலையைச் சொல்லும், நடுவிலுள்ள மூன்று இலக்கம் எந்த மாடலுக்காக முதலில் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும்; 51410-300 என்று தொடங்கினால் அது சிபி750-க்கான ஃபோர்க் பைப். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வார்ப்பில் எழும்பி நிற்கும் எண் பெரும்பாலும் வார்ப்பு அச்சின் எண்தான், பாகப் பட்டியலில் உள்ள எண் அன்று. ஒரே வார்ப்பைக் கடைந்தெடுத்து இரண்டு மூன்று மாடல்களுக்குப் பயன்படுத்துவது வழக்கம். எனவே வார்ப்பெண் பட்டியலோடு பொருந்தவில்லை என்பதற்காக அசல் பாகத்தை ஒதுக்கிவிடக் கூடாது. பொருந்துகிறது என்பதற்காக ஆண்டையும் முடிவுசெய்துவிடக் கூடாது. ஜப்பானிய வண்டிகளின் பாட்டம் கேஸில் ஷோவா, கயாபா போன்ற ஃபோர்க் தயாரிப்பாளரின் பெயர் இருந்தால், இரு கால்களிலும் அதே பெயர், அதே எழுத்து வடிவம், அதே இடம் என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அசல் பாகத்தையும் பிற்காலப் பிரதியையும் பிரிப்பதற்குக் கண்ணைவிட விரல் நுனி உதவும் நேரங்கள் உண்டு. பழைய வார்ப்பில் அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த கோடு மெல்லியதாக எழும்பி நிற்கும். சில இடங்களில் தொழிற்சாலையிலேயே அரத்தால் தேய்த்த தடம் இருக்கும். பிரதிகளில் அந்தக் கோடு தடித்தோ, அடியோடு இல்லாமலோ, வேறு இடத்திலோ இருக்கும். எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும். ஃபோர்க் கவர், ஹெட்லைட் காது போன்ற தகட்டுப் பாகங்களில் தகட்டின் கனத்தை அளந்து பார்த்தால் பிரதி பெரும்பாலும் மெல்லியதாக இருக்கும். வெல்டிங் முறையும் மாறியிருக்கும். தொழிற்சாலை புள்ளி வெல்டிங் செய்த இடத்தில் பிரதியில் தொடர் வெல்டிங் ஓடியிருக்கும். பூச்சும் பேசும். அக்காலப் பிரிட்டிஷ் நட்டுகளிலும் வாஷர்களிலும் பெரும்பாலும் மங்கிய சாம்பல் வெள்ளியான காட்மியம் பூச்சு இருந்தது. அவை இப்போது கண்ணாடிபோல் குரோமில் மின்னினால் பிற்பாடு பூசப்பட்டவை என்று கொள்ளலாம். காட்மியம் நச்சுத்தன்மை உடையது. அதைக் கம்பி பிரஷ்ஷால் தூள் பறக்கத் தேய்க்கவோ நெருப்பில் காட்டவோ கூடாது.

கூடுதலாக ஒன்று. பிரதிப் பாகத்தில் பழைய எண்ணை அடித்து அசலாகக் காட்டுவது வண்டியின் வரலாற்றைப் பொய்யாக்கும் செயல். அதைச் செய்யக் கூடாது. நல்ல பிரதியைப் பயன்படுத்துவதில் குறையே இல்லை. அது பிரதி என்று வண்டியின் ஏட்டில் எழுதி வைத்தால் போதும்.

சேதமில்லாமல் பிரித்தல்

மேல் நட்டுகளுக்கு அடியில் ஸ்பிரிங் அழுத்தத்தோடு இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. கடைசி மரை விடுபடும்போது கையால் கீழ்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டே கழற்ற வேண்டும். டேம்பர் ராடைப் பாட்டம் கேஸோடு இணைக்கும் அடிப்போல்ட்டை ஸ்பிரிங் உள்ளே இருக்கும்போதே தளர்த்திவிடுவது நல்லது. ஸ்பிரிங்கின் அழுத்தம் டேம்பரைப் பிடித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் போல்ட்டோடு சேர்ந்து உள்ளே அதுவும் சுழன்றுகொண்டே இருக்கும். கூம்பு முனையுள்ள பைப்புகள் மேல் யோக்கில் இறுகப் பற்றியிருக்கும். கீழ் யோக்கின் இறுக்குப் போல்ட்டைத் தளர்த்தி, மேல் நட்டைச் சில சுற்றுகள் மட்டும் பின்வாங்கி, அதன் தலைமீது மரச் சுத்தியலால் ஓர் அடி கொடுத்தால் கூம்பு விடுபடும். அசல் நட்டை இதற்குப் பலியிடாமல் ஒரு பழைய நட்டைப் பயன்படுத்துவது நல்லது.

ஆயில் சீலைத் தாங்கும் வளைய நட்டுகள்தான் அதிகம் சிதைக்கப்பட்டவை. உரிய கொண்டி ஸ்பேனர் இல்லாமல் உளியை வைத்துத் தட்டியவர்களின் கைவரிசையை ஏறத்தாழ எல்லாப் பழைய ஃபோர்க்குகளிலும் பார்க்கலாம். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, பாட்டம் கேஸைக் கொதிநீரால் சூடாக்கி, உரிய ஸ்பேனரால் திருப்பினால் அநேகமாக வந்துவிடும். ஸ்பேனர் கிடைக்காவிட்டால் லேத்தில் ஒன்றைக் கடைந்துகொள்ளலாம். அசல் நட்டை இழப்பதைவிட அந்த உழைப்பு மேலானது. ஆக்ஸிலைப் பிடிக்கும் அடி மூடிகளைக் கழற்றும்போது எந்த மூடி எந்தக் காலினது, எந்தப் பக்கம் முன்னோக்கி இருந்தது என்று கட்டாயம் குறிக்க வேண்டும். பல ஃபோர்க்குகளில் மூடியையும் காலையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் துளை கடைந்திருப்பார்கள். மாற்றிப் போட்டால் ஆக்ஸில் வட்டத் துளையில் அல்லாமல் நீள்வட்டத்தில் அமரும்.

எதைக் காப்பது, எதை விடுவது

ஆயில் சீல், புஷ், ஸ்டியரிங் தண்டு சுழலும் கோன் செட்டின் பால்ஸ், ரப்பர், ஃபெல்ட் வாஷர் ஆகியவை தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றை மாற்றுவதால் வண்டியின் அசல் தன்மை சிறிதும் குறையாது. யோக், பாட்டம் கேஸ், ஃபோர்க் கவர், ஹெட்லைட் காது, மேல் நட்டு, கர்டர் கால்கள் ஆகியவையே அந்த ஃபோர்க்கின் முகம். முயற்சியும் பொருளும் இவற்றைக் காப்பதில்தான் செலவாக வேண்டும். பைப் இரண்டுக்கும் இடைப்பட்டது: தேயும் பாகமாகவும் இருக்கிறது, உயிரைத் தாங்கும் பாகமாகவும் இருக்கிறது.

பைப்பின் நேர்த்தியைச் சோதிக்க வி வடிவப் பள்ளமுள்ள இரண்டு வி-பிளாக்குகளின்மேல் வைத்து, நடுவில் டயல் கேஜை நிறுத்தி, பைப்பை மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுழற்ற வேண்டும். முள் நகர்ந்த மொத்த அளவில் பாதிதான் உண்மையான வளைவு, முள் 0.2 மில்லிமீட்டர் நகர்ந்தால் வளைவு 0.1 மில்லிமீட்டர். கையேட்டில் கொடுத்திருக்கும் எல்லை எந்த அளவைக் குறிக்கிறது என்று கவனித்துப் படிக்க வேண்டும். நீண்டு பரவிய சிறு வளைவை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் குளிர்ந்த நிலையிலேயே நிமிர்த்தலாம். அனுபவமுள்ள கை வேண்டும். கீழ் யோக்குக்குச் சற்றுக் கீழே சுருக்கமோ மடிப்போ விழுந்திருந்தால், அந்தப் பைப்பை நிமிர்த்த முயலவே கூடாது. நெருப்பு வைத்து நிமிர்த்திய பைப்பும் அதேபோல ஒதுக்கத் தக்கது.

துருக்குழிகளைப் பொறுத்தவரை அவை எங்கே இருக்கின்றன என்பதே கேள்வி. ஹெட்லைட் காதுக்குள் மறையும் பகுதியில் சிறு குழிகள் இருந்தால், துருவை நீக்கி எண்ணெய் பூசி விட்டுவிடலாம். ஆயில் சீல் ஓடும் பகுதியில் ஒரு குழி இருந்தாலும் அது சீலின் உதட்டை அறுக்கும். ஓரிரு சிறு குழிகளாயின், நன்றாகத் துடைத்து எபாக்சி நிரப்பி, உலர்ந்தபின் நுண்ணிய எண்ணெய்க்கல்லால் சமப்படுத்தலாம். அதிகமாயின் ஹார்ட் குரோம்தான் வழி: பழைய மேற்பரப்பை அரைத்து நீக்கி, தடித்த குரோம் ஏற்றி, மீண்டும் அசல் அளவுக்கு அரைக்க வேண்டும். இந்த வேலையைக் கொடுக்கும்போது மூன்று செய்திகளை எழுதிக் கொடுப்பது நல்லது. முதலாவது, முடிவான விட்டம் எவ்வளவு என்பது. இரண்டாவது, மரையிலும் கூம்பிலும் புஷ் அமரும் இடத்திலும் குரோம் ஏறாதபடி மறைக்க வேண்டும் என்பது. மூன்றாவது, பூச்சுக்குப்பின் ஏறக்குறைய 190 முதல் 220 பாகை செல்சியஸில் சில மணி நேரம் சூடேற்றி, பூச்சின்போது எஃகினுள் புகுந்த ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும் என்பது. ஹைட்ரஜன் தங்கிய வலுமிக்க எஃகு எச்சரிக்கை தராமல் முறியக்கூடியது. அலங்காரத்துக்குப் பூசும் மெல்லிய நிக்கல் குரோமை இங்கே பயன்படுத்தவே கூடாது. அது சறுக்கும் இடத்தில் உரிந்துவரும்.

யோக்குகளின் முறுக்கத்தை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. நேரானவை என்று உறுதிசெய்த இரு பைப்புகளையும் யோக்குகளில் பொருத்தி, கீழ் யோக்குக்குக் கீழே இரண்டின்மீதும் ஒரு தடித்த சமக் கண்ணாடித் தகட்டை வைக்க வேண்டும். நான்கு மூலையும் படிந்தால் பைப்புகள் ஒரே தளத்தில் இருக்கின்றன. தகடு ஆடினால் யோக் முறுகியிருக்கிறது. ஸ்டியரிங் தண்டு வளைந்திருக்கிறதா என்பதைத் தனியே பார்க்க வேண்டும். அடுத்தது வெடிப்புச் சோதனை. பாகத்தைக் கொழுப்பில்லாமல் துடைத்து, சிவப்பு ஊடுருவு சாயத்தைப் பூசி, அதன் உறையில் சொன்ன நேரம் காத்திருந்து, துடைத்துவிட்டு, வெள்ளை வெளிப்படுத்தியைத் தெளித்தால், வெடிப்பு இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு எழும். இறுக்குப் பிளவின் முடிவிலும் தண்டு யோக்கோடு சேரும் மூலையிலும் கூர்ந்து பார்க்க வேண்டும். வெடித்த யோக்கை வெல்டிங் செய்து ஓட்டுவதை நான் ஏற்பதில்லை. அது எவ்வளவு அரிய பாகமானாலும் சுவரில் மாட்டிவைத்துவிட்டு வேறொன்றைத் தேடுவதே முறை.

புஷ் இல்லாத அலாய் பாட்டம் கேஸ் உள்ளே தேய்ந்திருந்தால், நல்ல பட்டறையில் அதை அகலக் கடைந்து வெண்கலப் புஷ் இறக்கலாம். வெளித்தோற்றம் அப்படியே இருக்கும், அசல் வார்ப்பும் காப்பாற்றப்படும். உரிந்த மரைகளுக்குக் கம்பிச்சுருள் மரை போடலாம். ஸ்பிரிங்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் ஒப்பிட்டு, கையேட்டின் எல்லைக்குள் இருந்தால் அசலையே பயன்படுத்த வேண்டும். ஒன்று மட்டும் தளர்ந்திருந்தால் இரண்டையும் மாற்ற வேண்டும்.

கர்டர் ஃபோர்க்கில் தனிக் கவனம்

கர்டர் ஃபோர்க்கின் தேய்மானம் லிங்க்குகளின் அச்சுகளான ஸ்பிண்டில்களிலும் அவை சுழலும் புஷ்களிலும்தான் ஒளிந்திருக்கும். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கால்களின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் எந்த ஸ்பிண்டிலில் என்பது லிங்க்கின்மேல் விரல் வைத்தவுடன் தெரிந்துவிடும். தேய்ந்த ஸ்பிண்டிலுக்கு மாற்றாகக் கடையில் கிடைக்கும் சாதாரணக் கம்பியைக் கடைந்து போடக் கூடாது. அசல் ஸ்பிண்டில் மேற்பரப்பு மட்டும் கடினமாக்கப்பட்ட எஃகு. புதிதாகச் செய்வதும் அப்படியே கடினமாக்கி அரைத்ததாக இருக்க வேண்டும். புஷ்களைப் பொருத்தியபின் எதிரெதிர்த் துளைகளை ஒரே ரீமரால் ஒரே நேர்கோட்டில் சீராக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பிண்டில் இறுகும். வெப் வகை ஃபோர்க்கில் லிங்க்குக்குப் பக்கத்தில் சொரசொரப்பான விளிம்புள்ள வாஷர் இருக்கும். அது அலங்காரம் அன்று, அளவுகோல். நட்டைத் தளர்த்தி ஸ்பிண்டிலைத் திருப்பிச் சரிசெய்து மீண்டும் இறுக்கியபின் அந்த வாஷர் விரலால் திருப்பினால் திரும்ப வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு ஸ்பிண்டிலை மட்டும் சரிசெய்ய வேண்டும்.

கால்களின் குழாய்கள் பித்தளைப் பற்று வைத்து இணைப்புத் துண்டுகளோடு சேர்க்கப்பட்டவை. அந்தச் சேர்க்கைகளின் ஓரத்தில் மயிரிழைக் கோடு தெரிந்தால் சாயச் சோதனை செய்ய வேண்டும். குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கக்கூடியது. சிறு சுத்தியலால் நெடுகத் தட்டிக் கேட்டால் மெலிந்த இடத்தில் ஒலி மாறும். நடு ஸ்பிரிங் பீப்பாய் வடிவில் நடுவில் பருத்து இருபுறமும் ஒடுங்கியிருக்கும். சைடு காருக்கென வந்த ஸ்பிரிங் தடித்த கம்பியால் ஆனது என்பதால் கம்பியின் விட்டத்தையும் அளந்து பார்க்க வேண்டும். அமிலத்தில் தோய்த்து ஸ்பிரிங்குக்குக் குரோம் பூசுவதை அறவே தவிர்க்க வேண்டும். ஹைட்ரஜனால் முறியும் ஆபத்து இங்கேதான் மிக அதிகம். டேம்பரின் பழைய உராய்வு வட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் அவற்றை உலர்வாகத் தேய்க்காமல், ஈரப்படுத்தி, உறையிலிட்டு அப்புறப்படுத்த வேண்டும்.

மேற்பரப்பை மீட்டல்

இங்கேதான் ஆர்வம் அளவுமீறுகிறது. ஜப்பானிய அலாய் பாட்டம் கேஸ்கள் தொழிற்சாலையில் மெல்லிய மெருகும் அதன்மேல் நிறமற்ற லேக்கரும் பெற்று வந்தவை; கண்ணாடிபோல் மின்னும்வரை பஃபிங் செய்தால் அவை அசலைவிட அழகாவதில்லை, அசலிலிருந்து விலகிப்போகின்றன, எழுத்துகளின் விளிம்பும் கரைந்துவிடுகிறது. பழைய லேக்கரை நீக்கி, நுண்ணிய ஈரத்தாளால் காலின் நீளவாட்டில் தேய்த்து, கையால் மெருகிட்டு நிறுத்திக்கொள்வது போதும். எஃகுப் பாகங்களின் துருவுக்குச் சலவைச் சோடா கரைத்த நீரில் மின்பகுப்பு முறை மென்மையானது. உலோகத்தைத் தின்னாமல் துருவை மட்டும் தளர்த்தும். அலாய் பாகத்தை அந்த நீரில் இடக் கூடாது, அரிக்கும். மணல்வீச்சு தவிர்க்க முடியாததானால், சறுக்கும் பரப்பு, மரை, கோன் அமரும் இடம் ஆகிய அனைத்தையும் மூடிவிட்டே செய்ய வேண்டும். பாட்டம் கேஸுக்குள் தங்கும் ஒரு மணல் துகள்கூடப் புதிய புஷ்ஷைக் கீறும்.

யோக்குகளுக்குப் பவுடர் கோட்டிங் வேண்டாம் என்பேன். அதன் கனம் இறுக்குத் துளைகளின் பொருத்தத்தைக் கெடுக்கிறது. அடியில் வெடிப்பு வந்தாலும் தெரியவிடாமல் மூடிவிடுகிறது. மெல்லிய கறுப்பு எனாமல் அக்கால வண்டிகளின் தோற்றத்துக்கும் நெருக்கமானது. முதல் பெயின்ட் பாதிக்கு மேல் நல்ல நிலையில் இருந்தால், மீண்டும் அடிக்காமல் கழுவி மெழுகிட்டு வைத்துக்கொள்ளலாம்; அந்தப் பெயின்ட்டுக்கு மாற்று எதுவும் எங்கும் கிடைக்காது.

மீண்டும் பொருத்துதல்

எல்லாம் மண்ணெண்ணெயில் கழுவி உலர்ந்த பிறகு, புதிய ஆயில் சீலை எண்ணெய் பக்கம் நோக்கும் உதடு கீழே இருக்குமாறு ஏற்ற வேண்டும். பைப்பின் மரையோ கூர் விளிம்போ உதட்டைக் கிழிக்காமலிருக்க, மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்றை எண்ணெயில் தோய்த்து முனையில் போர்த்தி, அதன்மேல் சீலை நகர்த்த வேண்டும். கோன் செட்டில் குழிவுகள் விழுந்திருந்தால் புதிதாக மாற்ற வேண்டும்; பால்ஸைக் கிரீஸில் ஒட்டவைத்து, பட்டியல் சொல்லும் எண்ணிக்கையை நிரப்ப வேண்டும். வட்டத்தை முற்றும் அடைத்துவிட்டால் பால்ஸ் உருளாமல் ஒன்றையொன்று உரசும்.

ஃபோர்க் எண்ணெயின் அளவும் தடிப்பும் கையேட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக நார்ட்டன் கமாண்டோவுக்குக் காலுக்கு 150 மில்லிலிட்டர், எஸ்ஏஇ 20. அளவுக் குவளையால் இரு கால்களுக்கும் சமமாக ஊற்றி, சில முறை மேலும் கீழும் அழுத்தி டேம்பரிலுள்ள காற்றை வெளியேற்றியபின் மேல் நட்டைப் போட வேண்டும்.

இறுக்கும் வரிசையை மாற்றக் கூடாது. முதலில் ஆக்ஸில் நட்டு. பிறகு வண்டியைத் தரையில் நிறுத்தி முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கைப் பலமுறை அழுத்தி விட வேண்டும். கால்கள் தாமாகவே இணையாக அமரும். அதன் பின்னரே ஆக்ஸிலைப் பிடிக்கும் மூடி நட்டுகளையும், மேல் நட்டுகளையும், கடைசியாகக் கீழ் யோக்கின் இறுக்குப் போல்ட்டுகளையும் இறுக்க வேண்டும். கோன் செட்டைச் சரிபார்க்க முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, நேரே இருக்கும் கைப்பிடியை மெல்லத் தொட்டால், அது தன் எடையாலேயே இருபுறமும் கடைசிவரை விழ வேண்டும். கால்களின் அடியைப் பிடித்து முன்பின் இழுத்தால் ஆட்டமோ சத்தமோ இருக்கக் கூடாது.

சுமார் 200 கிலோமீட்டர் ஓடியபின் எல்லா இறுக்கங்களையும் கோன் செட்டையும் மறுபடி பார்க்க வேண்டும். பைப்பில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் அது இயல்பே. சொட்டாக இறங்கினால் சீலின் உதட்டையும் அந்த உயரத்தில் பைப்பின் பரப்பையும் திரும்பவும் ஆராய வேண்டும். கழற்றி ஒதுக்கிய அசல் பாகங்களை எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி, எந்த வண்டியினது, எந்தப் பக்கம், ஏன் கழற்றப்பட்டது, அதன் இடத்தில் எது போடப்பட்டது என்று சீட்டெழுதி, வண்டியின் ஆவணங்களோடு சேர்த்து வைக்க வேண்டும்.